போனை மாற்றும் முன் மெயிலைப் பாருங்கள்: தாம்பரத்துச் சிறுதொழில்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலையில் ஒரு போன் கடை. லெதர் பை தைக்கும் யூனிட் வைத்திருக்கும் ஒருவர் தன் போனை கவுன்டரில் வைத்தார். "மெயிலே சரியா வர்றதில்ல தம்பி. பார்ட்டி அனுப்பிட்டேங்கறாரு, எனக்கு மறுநாள்தான் காட்டுது. மெயில் ஒழுங்கா வர்ற மாதிரி ஒண்ணு குடு." கடைப் பையனும் ஒன்றை எடுத்துக் கொடுத்தான். போனுக்கு உறை வாங்க நின்ற எனக்கு வாய் துறுதுறுத்தது, ஆனாலும் அடுத்தவர் வியாபாரத்தில் குறுக்கே போகக் கூடாதென்று இருந்துவிட்டேன். பத்து நாள் கழித்து டீக்கடையில் பார்த்தேன். புதுப் போனிலும் மெயில் மறுநாள்தான் வருகிறதாம்.

அன்று வாயை மூடிக்கொண்டு நின்ற குற்ற உணர்ச்சியில்தான் இதை எழுதுகிறேன். மெப்ஸ் வளாகத்து ஏற்றுமதி யூனிட், நாகல்கேணித் தோல் பட்டறை, சேலையூர் ஆடிட்டர் அலுவலகம், கேம்ப் ரோட்டில் டிராவல்ஸ் என்று எதை நடத்தினாலும் சரி, மெயிலை நம்பிப் பிழைக்கிறவர்களுக்கு இது பயன்படும். கம்ப்யூட்டர் ஞானம் தேவையில்லை. ஒரு நோட்டு, ஒரு பேனா, ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

முதலில் பிளாக்பெர்ரி கதை

மெயில் சரியில்லை என்று கம்பெனிகள் கூட்டமாகப் போனை மாற்றிய கதை ஒன்று உண்டு. இந்தியாவுக்கு பிளாக்பெர்ரி 2004இல் ஏர்டெல் வழியாக வந்தது. பொத்தான் பலகை வைத்த கறுப்புப் போன். மெயில் வந்த நொடியில் சிவப்பு விளக்கு மினுக்கும். ஐடி கம்பெனி மேனேஜர் முதல் ஷிப்பிங் ஏஜென்ட் வரை இடுப்பில் அதைச் சொருகிக்கொண்டு அலைந்த காலம் நினைவிருக்கலாம்.

2011 அக்டோபர் 10, திங்கள்கிழமை, அந்த விளக்கு நின்றுபோனது. ஐரோப்பா, மத்திய கிழக்கு, ஆப்பிரிக்கா, இந்தியா என்று தொடங்கி, தென் அமெரிக்காவுக்குப் பரவி, கடைசியில் அமெரிக்கா, கனடா வரை போனது. சீராக 13ஆம் தேதி ஆகிவிட்டது. அப்போது உலகம் முழுக்க அதற்கு சுமார் 7 கோடி வாடிக்கையாளர்கள். நிறுவனத்தின் மையத்தில் இருந்த ஒரு முக்கிய ஸ்விட்ச் கெட்டது. அது கெட்டால் வேலையை எடுத்துக்கொள்ள வேண்டிய மாற்று ஏற்பாடு, சோதனையில் செய்தபடி செய்யவில்லை. நிறுவனர் மைக் லசாரிடிஸ் வீடியோவில் தோன்றி மன்னிப்புக் கேட்டார். ஈடாக 100 டாலர் மதிப்புள்ள ஆப்கள் இலவசம் என்றார்கள். அதே வாரம் 14ஆம் தேதி ஐபோன் 4எஸ் கடைக்கு வந்தது. மிச்சக் கதை ஊருக்கே தெரியும். பழைய பிளாக்பெர்ரி போன்களுக்கான சேவை 2022 ஜனவரி 4 அன்று நிறுத்தப்பட்டது.

ஒரு ஸ்விட்ச் கெட்டதற்கு ஏன் இத்தனை நாடுகள் முடங்கின? ஏனென்றால் பிளாக்பெர்ரியில் மெயில் நேராகப் போனுக்கு வராது. உங்கள் கம்பெனி சர்வரிலிருந்து அந்த நிறுவனத்தின் மையத்துக்குப் போய், அங்கிருந்துதான் போனுக்கு வரும். சேலையூரிலிருந்து பெருங்களத்தூருக்கு எழுதிய கடிதம் கடல் தாண்டிப் போய் முத்திரை குத்திக்கொண்டு திரும்புவது போல. அன்று அந்தச் சுற்றுவழிதான் வேகமும் பாதுகாப்பும் தந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் 2008லேயே ஐபோன் கம்பெனி சர்வரோடு நேரடியாகப் பேசத் தொடங்கிவிட்டது. இடையில் நிற்பவர் ஒருவர் குறைந்தார்.

இதில் நமக்கு வேண்டிய விஷயம் வேறு. சொந்த டொமைனில் மெயில் வைத்திருந்தவர்கள் போனை மட்டும் மாற்றிக்கொண்டு அடுத்த நாளே வேலையைத் தொடர்ந்தார்கள். பிளாக்பெர்ரி.காம் என்று முடியும் முகவரியை விசிட்டிங் கார்டில் அச்சடித்தவர்களுக்குப் போனோடு முகவரியும் போயிற்று. நம் ஊருக்கு இது புதிதும் அல்ல. 1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் இன்டர்நெட் தொடங்கிய பிறகு மெட்ராஸ்காரர்களுக்குக் கிடைத்த முகவரிகளில் 'ஜியாஸ்எம்டி01' என்ற வால் இருக்கும். பிறகு சத்யம்.நெட்.இன், ஈத்.நெட் வந்தன. அவையெல்லாம் இன்று எங்கே? பழைய லெட்டர்பேடில்.

படி 1: ஒரு வாரம் நோட்டுப் போடுங்கள்

மெயில் வரவில்லை என்றால் மூன்றில் ஒன்று கெட்டிருக்கிறது: போன், சிக்னல், அல்லது மெயில் பெட்டி. எது என்று தெரியாமல் பணம் செலவழிக்காதீர்கள்.

மெயில் தாமதம் என்று தோன்றும்போதெல்லாம் ஆபீஸ் கம்ப்யூட்டரில் பிரவுசரைத் திறந்து அதே முகவரிக்குள் நுழைந்து பாருங்கள். அங்கே வந்து கிடந்து, போனில் மட்டும் காட்டவில்லை என்றால் கோளாறு போன் பக்கம். வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவிலும், டேட்டாவை அணைத்து வைஃபையிலும் ஒருமுறை பாருங்கள். ஒன்றில் வந்து மற்றதில் வரவில்லை என்றால் சிக்னல் அல்லது ரவுட்டர். கம்ப்யூட்டரிலும் இல்லை என்றால் ஸ்பேம் பெட்டியைத் திறந்து பாருங்கள். அங்கும் இல்லாவிட்டால் கோளாறு பெட்டியிலோ அனுப்பியவரிடமோ இருக்கிறது. அனுப்பியவருக்கு ஏதாவது 'திரும்பி வந்தது' என்று செய்தி போயிருந்தால் அதை அப்படியே போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் புரியாத எண்களோடு இருக்கும். நோயின் பெயர் அதில்தான் எழுதியிருக்கும்.

அனுப்பிய நேரம், கம்ப்யூட்டரில் வந்த நேரம், போனில் வந்த நேரம் என்று நோட்டில் மூன்று கட்டம் போட்டு ஒரு வாரம் எழுதுங்கள். இதைச் சோம்பேறித்தனத்தால் விட்டவர்கள்தான் போன் கடைக்குப் போகிறார்கள்.

படி 2: குற்றவாளி போன்தான் என்றால்

அப்போதும் கடைக்குப் போக வேண்டாம். ஆண்ட்ராய்டு போன்களில், அதிலும் நம் பகுதியில் அதிகம் ஓடும் சீன பிராண்டுகளில், பேட்டரியை மிச்சப்படுத்துவதற்காகப் பின்னணியில் ஓடும் ஆப்களைப் போனே தூங்க வைத்துவிடும். நீங்கள் ஆப்பைத் திறந்தவுடன் இருபது மெயில் தடதடவென்று விழுந்தால் இதுதான் காரணம். செட்டிங்ஸில் உங்கள் மெயில் ஆப்பைத் தேடி, பேட்டரி பகுதியில் 'கட்டுப்பாடு இல்லை' என்று மாற்றுங்கள். 'ஆட்டோஸ்டார்ட்' என்று ஒன்று இருந்தால் அதையும் அனுமதியுங்கள். டேட்டா சேவரை அணையுங்கள். ஆப்புக்குள் 'சிங்க்' போட்டிருக்கிறதா என்று பாருங்கள். போனில் இடம் நிறைந்து போயிருந்தாலும் மெயில் இறங்காது; கல்யாண வீடியோக்களை நகர்த்துங்கள்.

ஐபோன் வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை ஊரில் உண்டு. ஐபோனோடு வரும் மெயில் ஆப்பில் சாதாரண ஜிமெயில் கணக்கைப் போட்டால் மெயில் தானாக வந்து விழாது. போன்தான் அவ்வப்போது போய்க் கேட்டு வாங்கி வரும். அந்த இடைவெளி 'ஆட்டோமேட்டிக்' என்று இருந்தால், சார்ஜில் இருந்து வைஃபையிலும் இருக்கும்போதுதான் பின்னணியில் கேட்கும். அதனால்தான் லட்சத்துக்குப் பக்கத்தில் கொடுத்து வாங்கியவருக்கு, பத்தாயிரம் ரூபாய் போன்காரரைவிட மெயில் லேட்டாக வருகிறது. மருந்து எளிது: ஜிமெயில் ஆப்பையே இறக்கிக்கொள்ளுங்கள். உடனே வரும்.

படி 3: பெட்டியைப் பாருங்கள்

நான் பார்த்த வரைக்கும் பாதிக்கு மேற்பட்ட வழக்குகள் இங்கேதான் முடிகின்றன. ஆகவே இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இலவச ஜிமெயில் கணக்குக்கு 15 ஜிபி இடம். அதில் மெயில் மட்டும் இல்லை. கூகுள் போட்டோஸும் டிரைவும் அதே பானையில்தான் பங்கு. பேத்தியின் பிறந்தநாள் படங்கள் நிறைந்தால் ஜெர்மனியிலிருந்து வரும் பர்ச்சேஸ் ஆர்டர் திரும்பிப் போகும். உங்களுக்கு ஒன்றுமே தெரியாது, அனுப்பியவருக்குத்தான் தெரியும். எனக்கே ஒருமுறை இப்படி நடந்து, ஒரு கூலி வேலை கைவிட்டுப் போயிற்று. மூன்று மாதம் கழித்து மெயில் அனுப்பியவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

சொந்த டொமைன் வைத்திருப்பவர்களுக்கு வேறு வியாதி. டொமைன் என்பது மனை மாதிரி, மெயில் சேவை அதில் கட்டிய வீடு மாதிரி. வருடா வருடம் மனைக்கு வரி கட்டாவிட்டால் வீடு போகும். பெரும்பாலான சிறுதொழில்களில் அந்த மனை யார் பெயரில் இருக்கிறது தெரியுமா? ஆறு வருடத்துக்கு முன் வெப்சைட் போட்டுக் கொடுத்த பையன் பெயரில். அவர் இப்போது பெங்களூரில் இருக்கிறார், நம்பர் மாறிவிட்டது. புதுப்பிக்கச் சொல்லி வரும் மெயிலும் அவருக்கே போகிறது. முதல் வேலையாக டொமைன் கணக்கின் யூசர்நேம், பாஸ்வேர்டு, ரசீது மூன்றையும் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். புதுப்பிப்பை ஐந்து வருடத்துக்குச் சேர்த்துக் கட்டுங்கள்.

நமக்குத்தானே இந்த அசட்டுத்தனம் என்று நினைக்காதீர்கள். ஜிஎஸ்டி சாலையில் கூடுவாஞ்சேரி அருகே தலைமையகம் வைத்திருக்கும் ஜோஹோ, உலகத்துக்கே மெயில் சேவை விற்கிற கம்பெனி. 2018 செப்டம்பர் 24 அன்று அவர்களுடைய ஜோஹோ.காம் டொமைனை, பதிவு செய்து வைத்திருந்த அமெரிக்க நிறுவனமான டியராநெட் முடக்கிவிட்டது. ஃபிஷிங் மெயில் பற்றிச் சில புகார்கள் வந்ததாம், காரணம் அவ்வளவுதான். சர்வர்கள் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தன. பெயர்ப்பலகையைக் கழற்றியதால் வாடிக்கையாளர்களால் வாசலைக் கண்டுபிடிக்க முடியவில்லை. நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு ட்விட்டரில் பகிரங்கமாக உதவி கேட்க வேண்டியதாயிற்று. சில மணி நேரத்தில் சரியானது; டொமைனையும் வேறு நிறுவனத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். அன்று எத்தனை பேர் போனை அணைத்து அணைத்துப் போட்டிருப்பார்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன். அதே ஜோஹோ மெயிலுக்குத் தான் மாறியதாக 2025 அக்டோபரில் மத்திய உள்துறை அமைச்சர் அமித் ஷா அறிவித்தார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் விழுந்ததற்காக யாரையும் விலக்க வேண்டியதில்லை. விழுந்த பிறகு எதை மாற்றினார்கள் என்று பாருங்கள்.

நீங்கள் அனுப்புவது பார்ட்டியின் ஸ்பேமில் போய் விழுகிறதா? அதற்கு எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்று மூன்று பதிவுகள் டொமைனில் இருக்க வேண்டும். 'இந்த மெயில் இந்த முகவரிக்காரர் அனுப்பியதுதான்' என்பதற்கான சான்று அவை. 2024 பிப்ரவரி முதல் கூகுள் இதில் கறாராகிவிட்டது. உங்கள் மெயில் கம்பெனியின் உதவி எண்ணைக் கூப்பிட்டு இந்த மூன்று பெயரையும் சொன்னால் போதும், பத்து நிமிட வேலை. தெரியாது என்று சொல்லும் கம்பெனியாக இருந்தால் அங்கிருந்து கிளம்புங்கள். வெப்சைட்டோடு இலவசமாக ஒட்டிக்கொடுக்கும் மெயிலில் இந்தத் தொல்லை அதிகம். ஒரே சர்வரில் நூறு பேர் குடியிருப்பார்கள், அதில் ஒருவர் குப்பை அனுப்பினால் எல்லோருக்கும் கெட்ட பெயர்.

படி 4: சிக்னலும் மழையும்

தகரக் கூரை போட்ட ஷெட்டுக்குள் சிக்னல் குறையும். உள்ளே வைஃபை போடுங்கள். அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

மழைதான் நம் பக்கத்துப் பிரச்சினை. 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் கொட்டியது. முடிச்சூர், வரதராஜபுரம் மூழ்கின, கரன்ட் போனது, டவர்களும் ஒவ்வொன்றாக ஊமையாயின. 2016 டிசம்பர் 12 வர்தா புயல், 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல். அந்த நாட்களில் எந்தப் போன் வைத்திருந்தாலும் ஒன்றுதான். இரண்டு சிம் போடும் போனில் இரண்டு வெவ்வேறு கம்பெனி சிம் வைத்துக்கொள்வதும், டிசம்பர் பிறந்தால் பவர் பேங்கை நிறைத்து வைப்பதும்தான் வழி.

சிம் கம்பெனியே கவிழ்வதும் உண்டு. 2018 பிப்ரவரியில் ஏர்செல் முடங்கியபோது தமிழ்நாடு பட்ட பாடு மறக்காது. போர்ட் செய்ய வேண்டுமானால் ஆங்கிலத்தில் 'போர்ட்' என்று தட்டி, இடைவெளி விட்டு உங்கள் எண்ணைச் சேர்த்து 1900க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். வரும் குறியீடு நான்கு நாள் செல்லும். சிக்னல் செத்த பிறகு இந்த எஸ்எம்எஸ் போகாது என்பதுதான் அன்று பலருக்கு நேர்ந்த கதி. தடுமாறும்போதே மாறிவிடுங்கள்.

படி 5: வாங்குவது என்று முடிவானால்

நான்கு படியும் தாண்டி, போன்தான் கிழடு தட்டிவிட்டது என்று நோட்டு சொன்னால் வாங்குங்கள். கேமராவை மறந்துவிட்டு, எத்தனை வருடம் பாதுகாப்பு அப்டேட் தருவார்கள் என்று கேளுங்கள். அப்டேட் நின்ற போனில் ஒருநாள் மெயில் ஆப்பும் நின்றுவிடும். ஆபீஸில் ஐந்து பேருக்கு வாங்குவதானால் ஐந்தும் ஒரே மாடலாக இருக்கட்டும்; ஒருவருக்குக் கற்றுக் கொடுத்தால் ஐவருக்கும் ஆயிற்று.

ரிச்சி தெருவிலோ உள்ளூரிலோ பழைய போன் எடுப்பதானால் *#06# அழுத்துங்கள், 15 இலக்க ஐஎம்ஈஐ எண் தெரியும். ஆங்கிலத்தில் 'கேஒய்எம்' என்ற மூன்று எழுத்தைத் தட்டி, இடைவெளி விட்டு அந்த எண்ணைச் சேர்த்து 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் அந்தப் போன் சரியானதா, தடை செய்யப்பட்டதா என்று பதில் வரும். காசு கொடுப்பதற்கு முன் செய்ய வேண்டியது இது.

படி 6: மாற்றும் நாள்

மாதத்தின் 11ஆம் தேதியும் 20ஆம் தேதியும் பக்கத்தில் இருக்கும்போது கைவைக்காதீர்கள். ஜிஎஸ்டி ரிட்டர்ன் நேரத்தில் ஓடிபி வராமல் ஆடிட்டர் ஆபீஸில் உட்கார்ந்திருப்பது கொடுமை. மாதக் கடைசி ஞாயிறு நல்லது. வரிசை முக்கியம்:

1. பழைய போனில் மெயில் 'பாப்' முறையில் இருக்கிறதா, 'ஐமேப்' முறையில் இருக்கிறதா என்று கணக்கு செட்டிங்ஸில் பாருங்கள். ஐமேப் என்றால் கடிதங்கள் சர்வரில் இருக்கும், கவலையில்லை. பாப் என்றால் இறக்கியதும் சர்வரிலிருந்து அழித்திருக்கக்கூடும். அப்படியானால் பத்து வருடக் கடிதம் அந்தப் பழைய போனிலோ கம்ப்யூட்டரிலோ மட்டும்தான் இருக்கிறது. அவற்றை முதலில் காப்பி எடுக்காமல் அடுத்த படிக்குப் போகவே கூடாது.

2. உள்ளே நுழையக் குறியீடு தரும் ஆத்தென்டிகேட்டர் ஆப் இருந்தால் அதைப் புதுப் போனுக்கு மாற்றுங்கள். இதை மறந்து பழைய போனை ரீசெட் செய்தவர்கள் சொந்த மெயிலுக்குள் நுழைய முடியாமல் வாரக்கணக்கில் அலைந்திருக்கிறார்கள். பேக்கப் குறியீடுகளைக் காகிதத்தில் எழுதி பீரோவில் வையுங்கள்.

3. புதுப் போனில் கணக்கைச் சேர்க்கும்போது 'ஐமேப்' என்றே தேர்ந்தெடுங்கள். எண் கேட்டால் உள்வரவுக்கு 993, வெளியனுப்ப 465 அல்லது 587. பாஸ்வேர்டு சரியாக இருந்தும் ஏற்கவில்லையா? கூகுளும் மைக்ரோசாஃப்டும் வெறும் பாஸ்வேர்டில் நுழையும் பழைய முறையை மூடிவிட்டன. அவர்களுடைய சொந்த ஆப்பையே பயன்படுத்துங்கள்.

4. வாட்ஸ்ஆப் பிசினஸ் பேக்கப், பிறகு சிம் மாற்றம், கடைசியாக யூபிஐ ஆப்கள். யூபிஐ அந்த சிம்மிலிருந்து எஸ்எம்எஸ் அனுப்பித்தான் பதிவாகும் என்பதால் இந்த வரிசை.

5. ஆபீஸுக்குள் ஒரு மெயில், வெளியாளுக்கு ஒன்று, வெளியிலிருந்து உள்ளே ஒன்று, அதோடு இணைப்புக் கோப்புடன் ஒன்று அனுப்பிப் பாருங்கள். ஜிமெயிலில் 25 எம்பிக்கு மேல் இணைப்புப் போகாது. அதைக் கோளாறு என்று நினைக்க வேண்டாம்.

போனோடு மெயில் கம்பெனியையும் மாற்றுவதாக இருந்தால் இரண்டையும் ஒரே ஞாயிறில் செய்யாதீர்கள். கம்பெனி மாற்றம் உலகம் முழுக்கப் பரவ ஒன்றிரண்டு நாள் ஆகலாம். அதுவரை பழைய பெட்டியையும் புதிய பெட்டியையும் மாறி மாறிப் பார்க்க வேண்டும்.

படி 7: அடுத்த ஒரு மாதம்

பழைய போனை ஒரு மாதம் விற்காதீர்கள். அதன் பிறகு கூகுள் கணக்கை அதிலிருந்து நீக்கி, ரீசெட் செய்து கொடுங்கள். கணக்கை நீக்காமல் ரீசெட் செய்தால் வாங்கியவருக்குப் போன் திறக்காமல் போகலாம். அவர் உங்கள் கடை வாசலுக்கு வருவார்.

முகவரியே மாறியிருந்தால் ஜிஎஸ்டி போர்ட்டல், வருமான வரி, வங்கி, ஏற்றுமதியாளர் என்றால் ஐஸ்கேட் ஆகியவற்றில் மாற்றுங்கள். ஜிஎஸ்டி நோட்டீஸ் நீங்கள் பதிந்த மெயிலுக்குத்தான் வரும். "மெயில் பார்க்கலீங்க" என்றால் அதிகாரி கேட்டுக்கொண்டிருக்க மாட்டார். பழைய பெட்டியை ஒரு வருடமாவது உயிரோடு வைத்து, அங்கே வருவதைப் புதியதற்குத் திருப்பி விடுங்கள்.

இந்த நேரத்தில்தான் திருடனும் வருவான். உங்கள் பெயரில், உங்கள் முகவரியில் ஒரே ஓர் எழுத்தை மாற்றி, 'எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, பணத்தை இதில் போடவும்' என்று பார்ட்டிக்கு எழுதுவான். நீங்கள் மெயிலை மாற்றியிருப்பது தெரிந்த பார்ட்டி நம்பிவிடுவார். ஆகவே மெயில் மாறுகிறது என்று சொல்லும் கடிதத்திலேயே 'வங்கிக் கணக்கு மாறவில்லை, மாறினால் போனில் பேசாமல் பணம் அனுப்பாதீர்கள்' என்று ஒரு வரி சேருங்கள். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930ஐக் கூப்பிடுங்கள்.

லெதர் பைக்காரருக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அவருடைய மெயில், வெப்சைட்டோடு ஒட்டி வந்த பெட்டி. சர்வரே கடிதங்களைப் பிடித்து வைத்துக்கொண்டு தாமதமாக விட்டுக்கொண்டிருந்தது. வேறு சேவைக்கு மாற்றினோம். இப்போது நொடியில் வருகிறது. புதுப் போனை மகன் எடுத்துக்கொண்டான். அவர் பழைய போனில்தான் பார்க்கிறார்.